அந்தச் சிவப்புப் பெருக்கல் குறி

எண்பதுகளின் தொடக்கம். சென்னையில் ஓர் ஓவியக் கல்லூரியில் விளம்பரக் கலைப் பிரிவில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். ஆனால் நான் சொல்லப்போவது சென்னையில் நடந்ததல்ல. ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் சந்தைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நடந்தது. ஒரே ஒரு பகல்தான்.

எங்கள் வகுப்பில் வெள்ளிக்கிழமைதோறும் அந்த வாரம் செய்த வேலையைச் சுவரில் மாட்ட வேண்டும். மற்ற மாணவர்கள் ஒவ்வொருவராக எழுந்து அதன் நிறைகுறைகளைச் சொல்வார்கள். எல்லோரும் பேசி முடிக்கும்வரை வரைந்தவர் வாயைத் திறக்கக் கூடாது. எங்கள் ஆசிரியர் போட்ட விதி அது. "நாளைக்கு இதைத் தெருவில் ஒட்டின பிறகு பக்கத்திலேயே நின்னு விளக்கம் சொல்லப் போறியா?" என்று கேட்பார். நான் பெரும்பாலும் பாராட்டு வாங்குகிற ரகம். அதனால் அந்த விதி என்னைப் பெரிதாக உறுத்தியதில்லை.

அந்த வருடம் ஆசிரியர் எனக்கு முதல் முறையாக வெளியிலிருந்து ஒரு வேலை வாங்கித் தந்தார். மலைமேல் இருந்த அந்த ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் அவருக்குத் தெரிந்தவர். மழைக்காலம் வந்தால் அங்கே குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வரும். தண்ணீர் கொடுத்தால் இன்னும் அதிகமாகப் போகும் என்று பயந்து, தாய்மார்கள் தண்ணீரையே நிறுத்திவிடுவார்களாம். உடம்பில் நீர் வற்றியே பல குழந்தைகள் இறந்திருக்கின்றன. தண்ணீரை நிறுத்தாதீர்கள், உப்பும் சர்க்கரையும் கலந்து கொடுங்கள் என்று எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் படத்தாலேயே சொல்ல வேண்டும். ஆயிரம் பிரதிகள் அச்சடித்து ஊர் ஊராக ஒட்டுவதாக ஏற்பாடு.

மூன்று வாரம் உழைத்தேன். இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில். இடது பக்கம், துவண்டுகிடக்கும் குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்காமல் தம்ளரைத் தள்ளி வைக்கும் ஒரு தாய். அவள்மேல் பெரிய சிவப்புப் பெருக்கல் குறி. வலது பக்கம், குழந்தையை மடியில் வைத்துத் தண்ணீர் புகட்டும் தாய். அவளுக்கு மேலே பச்சை நிறத்தில் 'சரி' என்னும் டிக் குறி. வெள்ளிக்கிழமை மாட்டியதும் வகுப்பே பாராட்டியது. எழுத்தே இல்லாமல் ஒரு நொடியில் புரிகிறது என்றார்கள்.

ஒருவர் மட்டும் கடைசியில் எழுந்தார். லாரிகளுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்துவிட்டு, எங்களைவிட நாலைந்து வயது கூடுதலாகக் கல்லூரிக்கு வந்தவர். அதிகம் பேச மாட்டார். "எழுத்து தெரியாதவங்களுக்குன்னு வரைஞ்சிருக்காங்க. ஆனா இந்த ரெண்டு குறியும் நோட்டுப் புத்தகத்துல வாத்தியார் போடறது. பள்ளிக்கூடமே போகாதவங்களுக்கு இது மட்டும் எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. விதிப்படி நான் பதில் பேசும் முறை வந்தபோது, பெருக்கல் குறி என்றால் தப்பு என்பது உலகத்துக்கே தெரியும் என்று சற்றுக் காரமாகவே சொன்னேன். வெளியே வந்து தோழிகளிடம், அவருக்குப் பொறாமை என்றேன். இதைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

நர்ஸம்மா ஒரு நிபந்தனை போட்டிருந்தார். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் படத்தை எடுத்துக்கொண்டு நான் நேரில் வர வேண்டும், அதுவும் சந்தை நாளில். வெறும் சம்பிரதாயம் என்று நினைத்துக்கொண்டுதான் கிளம்பினேன். போளூரில் பஸ் மாறினேன். மலைப்பாதை வளைவுகளில் எனக்குத் தலை சுற்றியது. சுருட்டிய படத்தைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு கண்ணை மூடியே மேலே போய்ச் சேர்ந்தேன்.

நர்ஸம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். ஆரணிப் பக்கத்துக்காரர். ஒரு தம்ளர் டீ கொடுத்துவிட்டு, படத்தை வராந்தாச் சுவரில் மாட்டச் சொன்னார். மருந்துக்கு வருகிற பெண்களும், சந்தைக்குப் போகிற வழியில் உட்காருகிற பெண்களும் அந்த வராந்தாவில்தான் இருப்பார்கள்.

"நீ ஒண்ணும் சொல்லாத. இதுல இன்னா தெரியுதுன்னு நான் கேக்கறேன். நீ கேட்டுக்கினு மட்டும் இரு" என்றார்.

எங்கள் வகுப்பு விதியேதான். சிரித்துக்கொண்டே ஓரமாக உட்கார்ந்தேன்.

முதலில் வந்தவளுக்கு ஏறக்குறைய என் வயதுதான் இருக்கும், ஒன்றிரண்டு கூடலாம். இடுப்பில் ஒரு வயதுக் குழந்தை, தலையில் புளி மூட்டை. மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் படத்துக்குப் பக்கத்தில் போய் நிதானமாகப் பார்த்தாள். எங்கள் வகுப்பில்கூட யாரும் ஒரு படத்தை அவ்வளவு நேரம் பார்த்து நான் கண்டதில்லை.

"ரெண்டு அம்மா இருக்குது. இந்தம்மா புள்ளைக்குத் தண்ணி குடுக்குது. இந்தம்மா குடுக்கல. புள்ளைக்கு ஒடம்புக்கு முடியல" என்றாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. நர்ஸம்மா அடுத்து, இதில் எந்த அம்மா செய்கிறது சரி என்று கேட்டார். அவள் தயங்கவே இல்லை. தண்ணீர் கொடுக்காத தாயின் மேல் விரலை வைத்தாள்.

"இவதான். இவ மேலதான குத்தி வச்சிருக்குது."

எனக்குப் புரியவில்லை. நர்ஸம்மாவுக்கும் புரியவில்லை. எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டதற்கு, இதுகூடத் தெரியாதா என்பது போல எங்களைப் பார்த்தாள்.

"ஓட்டு போட சொல்ல, எது வேணுமோ அதுமேலதான நர்சம்மா குத்தறோம்? வேணாங்கறதுமேல யாராவது குத்துவாங்களா?"

அந்தக் காலத்தில் இருபத்தொரு வயதானால்தான் ஓட்டு; எனக்கு அப்போது அந்த வயது ஆகியிருக்கவில்லை. ஓட்டுச் சீட்டில் குத்துகிற முத்திரையும் பெருக்கல் குறி மாதிரிதான் இருக்கும் என்பது என் மண்டையில் ஏறவே கொஞ்ச நேரம் ஆனது. அவள் வாழ்க்கையில் அவள் கையால் தாளில் வைத்த ஒரே குறி அது. வேண்டியதைத் தேர்ந்தெடுக்கிற குறி.

பச்சை டிக்கைக் காட்டி, அப்போது இது என்ன என்று கேட்டார் நர்ஸம்மா.

"கொடுவா கத்தி மாதிரி தலைக்கு மேல தொங்குது. அது ஆகாதுன்னு காட்டறீங்க." பிறகு, எங்களோடு ஒத்துப்போகிறவளாக, "நாங்களும் அப்படித்தான் பண்றோம். தண்ணி குடுத்தா இன்னும் போவும்னு குடுக்க மாட்டோம். ஆஸ்பத்திரியிலயும் அதையேதான் சொல்றீங்க" என்றாள்.

இந்தப் படம் அப்படியே அச்சாகி மலை முழுக்க ஒட்டப்பட்டிருந்தால், தண்ணீர் கொடுக்காதே என்று ஆஸ்பத்திரியே சொல்வதாக ஆகியிருக்கும்.

அடுத்து வந்த பெண்களிடமும் நர்ஸம்மா கேட்டார். எல்லோரும் அதையே சொல்லவில்லை. சிலர் குறிகளைக் கண்டுகொள்ளவே இல்லை. ஆனால் குறியைக் கவனித்தவர்களில் பாதிப் பேர் சிவப்புப் பக்கமே சரி என்றார்கள். நான் உள்ளே போய் மருந்து அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். நர்ஸம்மா பின்னாலேயே வந்தார். ஒரு பெரிய தாளை மேசைமேல் விரித்தார்.

"சந்த இன்னும் கலையல. வரை" என்றார்.

கொண்டுபோயிருந்த கரிக்கோலால் மறுபடி வரைந்தேன். குறிகளை எடுத்துவிட்டேன். இப்போது மூன்று படங்கள் வரிசையாக: முதலில் வாடிய குழந்தை, அடுத்து தண்ணீர் கொடுக்கும் தாய், கடைசியில் சிரிக்கும் குழந்தை. இதில் தப்பே வராது என்று நம்பினேன். வராந்தாவில் இருந்த ஒரு பெண் வலது பக்கத்திலிருந்து பார்க்க ஆரம்பித்தாள். நல்லாச் சிரித்துக்கொண்டிருந்த பிள்ளை, தண்ணீர் கொடுத்ததும் வாடிப்போய்விட்டது என்றாள். படத்தை இடமிருந்து வலமாகப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? அதுவும் பள்ளிக்கூடம் கற்றுக்கொடுத்ததுதானே.

அதற்குள் புளி விற்கப் போயிருந்தவள் வெறும் சாக்கோடு திரும்பி வந்திருந்தாள். புதுப் படத்தைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள்:

"ஏங்க இத்தினி படம் போடறீங்க? ஒண்ணு போதும். இன்னா செய்யணுமோ அத்த மட்டும் போடுங்க. செய்யக்கூடாதத எதுக்குப் போட்டுக் காட்டறீங்க?"

நாலு வருடப் படிப்பில் இவ்வளவு தெளிவாக யாரும் எனக்கு எதையும் சொன்னதில்லை.

அவள் அதோடு விடவில்லை. நான் வரைந்த குழந்தைக்குக் கன்னம் உப்பியிருக்கிறது, வயிற்றால் போன பிள்ளைக்கு முதலில் கண்தான் உள்ளே போகும் என்றாள். தாய் புடவை கட்டியிருக்கும் விதம் மலைக்குக் கீழே இருக்கிற கீழ்நாட்டுக்காரி மாதிரி இருக்கிறது, இங்கே யாரும் அதைத் தன் வீட்டு விஷயமாக நினைக்க மாட்டார்கள் என்றாள். தம்ளர் வேண்டாம், சொம்பு போடுங்கள் என்றாள். ஒவ்வொன்றையும் குறை சொல்கிற தொனியே இல்லாமல், அடுப்பில் விறகைத் தள்ளிவிடுகிற மாதிரி சொல்லிக்கொண்டு போனாள். நான் அழித்து அழித்து வரைந்தேன். நடுவில் கரிக்கோலை வைத்துவிட்டு, உங்களையே பார்த்து வரையலாமா என்று கேட்டேன்.

அப்போதுதான் அவள் நர்ஸம்மா பக்கம் திரும்பினாள்.

"அப்போ தண்ணி குடுத்தா நெசமாவே பொழைக்குமா, நர்சம்மா?"

பொழைக்கும் என்றார் நர்ஸம்மா.

"என் பெரியவனுக்கும் குடுத்திருந்தா?"

முந்தின மழைக்காலத்தில் அவளுடைய மூத்த மகன் வயிற்றுப்போக்கில் இறந்திருக்கிறான். தண்ணி தண்ணி என்று கேட்டானாம். பெரியவர்கள் சொன்னபடி இவள் கொடுக்கவில்லை. அது எனக்கு அந்த நிமிஷம்வரை தெரியாது. நர்ஸம்மா அவள் தோளில் கை வைத்தார்.

"அப்போ உனக்கு யாரும் சொல்லலம்மா. நாங்க வந்து சொல்லியிருக்கணும். சொல்லல" என்றார்.

அவள் சத்தம் போட்டு அழவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மடியில் இருந்த குழந்தையின் தலையைத் தடவியபடி கொஞ்ச நேரம் சந்தைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். போயிருந்தால் யாரும் தடுத்திருக்க மாட்டோம். ஆனால் அவள் குழந்தையைச் சரித்துப் படுக்க வைத்துக்கொண்டு, நர்ஸம்மாவிடம் ஒரு சொம்பு கேட்டு வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"வரைங்க. எம்மூஞ்சியே போடுங்க. எங்க ஊர்ல பாத்தா கேப்பாங்க. நான் சொல்லிக்கறேன்."

வரைந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு கவனமாக எதையும் வரைந்ததில்லை. ஒரே படம். குழிந்த கண்களோடு மடியில் துவண்ட குழந்தை, அதன் வாயருகே சொம்பைச் சாய்க்கும் தாய். அவளுடைய முகம். மாட்டி முடித்ததும் சந்தையிலிருந்து திரும்புகிற பெண்களிடம் நர்ஸம்மா கேட்டார். வயித்தால போற பிள்ளைக்குத் தண்ணி குடுக்கறாங்க என்றார்கள் எல்லோரும். அதில் ஒருத்தி, சொம்பில் வெறும் தண்ணீரா, வேறு ஏதாவது கலந்திருக்கிறதா என்று கேட்டாள். நர்ஸம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான். "இது போதும். கேக்க வச்சா போதும். மீதிய நான் சொல்லிக்கறேன்" என்றார்.

சென்னைக்குத் திரும்பி, அடுத்த வெள்ளிக்கிழமை பழைய படத்தையும் புதுப் படத்தையும் வகுப்பில் மாட்டினேன். என் முறை வந்தபோது மலையில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். லாரிக்குப் பெயர் எழுதியவரைப் பார்த்து, நீங்கள் சொன்னதுதான் சரி, நான்தான் கேட்கவில்லை என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். நான் நினைத்திருந்ததைவிடச் சொல்வது சுலபமாக இருந்தது. அவர் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு எழுந்து வந்து புதுப் படத்தை உற்றுப் பார்த்து, படம் நன்றாக வந்திருக்கிறது, அடியில் ஆஸ்பத்திரி பெயரை எழுதியிருக்கிற எழுத்துதான் ரொம்ப மோசம் என்றார். வகுப்பே சிரித்தது. அன்றைக்குச் சாயங்காலமே அவர் உட்கார்ந்து அந்த எழுத்தைத் தன் கையால் எழுதிக் கொடுத்தார். அச்சாகிப் போனது அதுதான்.

அடுத்த மழைக்காலம் முடிந்ததும் நர்ஸம்மாவிடமிருந்து ஒரு கார்டு வந்தது. படம் ஒட்டிய இடங்களில் எல்லாம் ஜனங்கள் இது யார் என்று கேட்கிறார்கள், அவளுடைய ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் நேராக அவளைத் தேடியே போகிறார்கள், எந்த வீட்டில் பிள்ளைக்கு முடியவில்லை என்றாலும் அவளே போய் உப்பும் சர்க்கரையும் கலந்து காட்டிவிட்டு வருகிறாள் என்று எழுதியிருந்தார். எத்தனை பிள்ளைகள் பிழைத்தன என்றெல்லாம் அவர் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் இதே தொழிலில் இருந்தேன். சோப்புக்கும் சேலைக்கும் சைக்கிளுக்கும் விளம்பரம் செய்தேன். விருதுகளும் சில வந்தன. ஆனால் நான் வரைந்த எல்லாவற்றையும்விட, தன் துக்கத்தோடு வீட்டுக்குள் முடங்கிவிடாமல், வீடு வீடாகப் போய் அவள் கலந்து காட்டிய ஒவ்வொரு சொம்புத் தண்ணீரும் பெரிய வேலை என்றே இன்றைக்கும் நினைக்கிறேன்.