ஊறுகிற கட்டை

காலை ஆறு நாற்பதுக்கு லென்ஸ்காரர் ஜன்னல் விளிம்பில் இரண்டு வெள்ளைப் பீங்கான் கோப்பைகளை அருகருகே வைக்கிறார். இடது கோப்பையில் குழாய்த் தண்ணீர். வலது கோப்பையில் குளியலறை வாளியிலிருந்து மொண்ட தண்ணீர். இடக்கண்ணை மூடிக்கொண்டு முதலில் இதையும் பிறகு அதையும் பார்க்கிறார். நிழல் விழாதபடி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்று போட்டோ எடுத்து அனுப்புகிறார். அதற்கப்புறம்தான் பல் துலக்குவது.

வாளியில் ஊறுவது ஓர் ஆற்றுக் கட்டை. இரண்டடி நீளம், நுனியில் மான்கொம்பு மாதிரி மூன்று கிளை. அதிலிருந்து சாயம் முழுக்க இறங்கிய பிறகே அது மீன்தொட்டிக்குள் போகலாம் என்பது அவர் மனைவியின் உத்தரவு. மனைவி கடல் தாண்டி ஓர் ஊரில் நர்ஸ். இரவுப் பணி முடிந்து அறைக்குத் திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்துதான் அவள் அந்தப் போட்டோவைப் பார்ப்பாள், பார்த்தவுடன் கூப்பிடுவாள்.

லென்ஸ்காரருக்கு வயது ஐம்பத்து மூன்று. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் இருபத்தாறு வருடமாக லென்ஸ் தேய்க்கிறார். சட்டத்தின் அளவுக்கு விளிம்பைத் தேய்த்து, லென்ஸ் உள்ளே போய் உட்காரும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரவேண்டும். வராவிட்டால் கழற்றி மறுபடி தேய்ப்பார். இந்தப் பழக்கம் கடையோடு நிற்கவில்லை. எதையும் வெளிச்சத்துக்குத் தூக்கி ஒற்றைக் கண்ணால் பார்த்தால்தான் அவருக்கு நம்பிக்கை வரும். தக்காளி, சட்டைப் பொத்தான், மாத்திரைப் பட்டை, எல்லாம் அப்படித்தான். ஒருமுறை முழுப் பூசணிக்காயை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். “என்னங்க, அதுக்கும் பவர் பாக்கறீங்களா?” என்றாள் காய்கறிக்காரி.

கட்டையைக் கண்டெடுத்தது மனைவிதான். போன விடுமுறையின் கடைசி மாலை, இருவரும் ஆற்றங்கரையில் நடந்துகொண்டிருந்தார்கள். வெள்ளம் ஒதுக்கிவிட்டுப் போன குப்பைக்கு நடுவில், வெயிலில் வெளுத்துக் கிடந்தது. அவள் குந்தி உட்கார்ந்து கட்டைவிரல் நகத்தால் நாலு இடத்தில் அழுத்தினாள்.

“பள்ளம் விழுந்தா உளுத்த கட்டை, ஆகாது. இது கல்லு மாதிரி இருக்கு பாருங்க.” பிறகு மோந்தாள். “பிசின் வாசம் இல்ல, பெயிண்ட் வாசம் இல்ல. இது நம்ம தொட்டிக்கு.”

‘நம்ம தொட்டி’ என்று அவள் சொன்னது, கூடத்தில் இரண்டரை அடி நீளத்துக்கு நின்ற வெறும் கண்ணாடிப் பெட்டி. வேலை கிடைத்துப் போகும்போது மீன்களைத் தெரிந்தவர்களிடம் கொடுத்துவிட்டுப் போனாள். மூன்று வருடத்தில் அதற்குள் இஸ்திரி போட்ட சட்டைகளும் ஒரு டார்ச் விளக்கும் குடியேறியிருந்தன. கட்டை கிடைத்த மறுநாள் விடியற்காலை அவள் விமானம் ஏறினாள். அடுத்த விடுமுறையில் வந்து இரண்டுபேருமாகப் போய் மீன் வாங்குவது என்று பேச்சு.

கட்டை வருவதற்கு முன்பெல்லாம் அவர்களுடைய தொலைபேசிப் பேச்சுக்கு நாலு நிமிடம் போதும். “சாப்டீங்களா?” “ஆச்சு. நீ?” “ஆச்சு.” பிறகு மின்விசிறி சுற்றும் சத்தத்தை இரண்டுபேரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பிறகு “சரி, வெச்சிரட்டுமா?” சண்டை ஒன்றும் கிடையாது. சொல்ல ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

கட்டை வந்த பிறகு அந்தக் கதை மாறியது. அவருக்கு மீனும் தெரியாது, மரமும் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் கேட்க வேண்டியிருந்தது. பட்டையைச் சுரண்டி எடுக்க வேண்டும். விட்டால் தண்ணீருக்குள் அழுகும். முரட்டுப் பிரஷ்ஷால் தேய்க்கலாம், சோப்பு கூடாது. “மரம் சோப்பைக் குடிச்சிடும். அப்புறம் அது கக்கறதை மீன்தான் குடிக்கணும்” என்றாள். இனிமேல் சமையலுக்கு எடுப்பதில்லை என்று முடிவுசெய்து, பெரிய அலுமினிய அண்டாவை இறக்கினார். கட்டை அதற்குள் அடங்கவில்லை. ஒரு மணி நேரம் இந்த முனை, ஒரு மணி நேரம் அந்த முனை என்று திருப்பித் திருப்பி வேகவைத்தார். தண்ணீர் கருஞ்சிவப்பாக மாறியது. அதைக் கொட்டிவிட்டு மறுபடி.

கடை முதலாளிக்கு இது வாய்க்குக் கிடைத்த அவல். “என்னண்ணே, கட்டை இன்னும் வேகலையா? குக்கர்ல போட்டு நாலு விசில் விடுங்க.”

“குக்கர்ல வைக்கவே கூடாதாம். வீட்ல சொல்லியிருக்காங்க” என்றார் லென்ஸ்காரர், தேய்ப்பதிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

வேகவைத்த பிறகு, கட்டை முழுசாக அடங்குகிற பெரிய வாளி. கட்டை மிதந்தது, மேலே ஒரு கழுவிய கல்லை வைத்து அமுக்கினார். தினமும் தண்ணீர் மாற்றுவதற்கு முன்னால் இரண்டு கோப்பை, ஒரு போட்டோ. அதை வைத்துக்கொண்டு முப்பது, நாற்பது நிமிடம் பேசினார்கள். “நேத்து டீ கலர், இன்னிக்குத் தேன் கலர்” என்பார் அவர். “தேனா? அதைவிட லேசு. சரியாப் பாருங்க, கண்ணாடிக் கடைல எப்படி வெச்சிருக்காங்க உங்களை!” என்பாள். பேச்சு கட்டையில் தொடங்கி, அவளோடு தங்கியிருப்பவளின் குறட்டை, வார்டில் தினமும் கல்யாணத் தேதி கேட்கும் நோயாளிக் கிழவர் என்று எங்கெங்கோ போகும். பன்னிரண்டாம் நாள் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று யோசித்துப் பார்த்தார், தெரியவில்லை. இருபதாம் நாள் கல்லை எடுத்தார். கட்டை மேலே வரவில்லை.

இருபத்தெட்டாம் நாள் அவளுடைய விடுமுறை எட்டு மாதம் தள்ளிப்போனது. ஆள் பற்றாக்குறையாம். முப்பதாம் நாள் இரண்டு கோப்பைகளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இடக்கண்ணை மூடிப் பார்த்தார். வலக்கண்ணை மூடிப் பார்த்தார். கண்ணாடி போல இருந்தது தண்ணீர். அன்று போட்டோ அனுப்பவில்லை, மறந்துவிட்டேன் என்றார்.

முப்பத்தோராம் நாள், பழைய கண்மருந்துக் குப்பியைக் கழுவி, அதில் தேயிலைத் தண்ணீரை எடுத்து, வலது கோப்பையில் மூன்று சொட்டு விட்டார். கலக்கினார். போட்டோ எடுத்தார்.

“இன்னுமா சாயம் விடுது?” என்றாள்.

“கெட்டிக் கட்டைம்மா. மெதுவாத்தான் விடும்.”

அப்படி எட்டு நாள் ஓடியது. முப்பத்தொன்பதாம் நாள் அடுப்பில் பால் பொங்கியது. குப்பியும் கையுமாக ஓடி, அடுப்பை அணைத்துவிட்டு வந்து, மூன்று சொட்டை அவசரமாக விட்டுப் படத்தை அனுப்பினார். உடனே போன் அடித்தது.

“இடது பக்கம் குழாய்த் தண்ணிதானே?”

“ஆமா.”

“குழாய்த் தண்ணி ஏன் செவப்பா இருக்கு? கட்டைத் தண்ணி ஏன் பளிச்சுன்னு இருக்கு?”

அவர் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். இருபத்தாறு வருடம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தவறவிடாத கை, கோப்பை மாறிச் சொட்டு விட்டிருந்தது.

“குழாய்ல ஏதோ ரிப்பேர் போல...”

“ஏங்க.”

“தேயிலைத் தண்ணி” என்றார்.

“எத்தனை நாளா இந்தக் கூத்து?”

“இன்னியோட ஒம்பது. கட்டை மேல ஒரு சொட்டு படலை, சத்தியமா. கோப்பைல மட்டுந்தான்.”

“பாலும் சக்கரையும் சேத்துக்கலையா?” என்று கேட்டுவிட்டு அவள் சிரித்தாள். பஸ்ஸில் யாரோ திரும்பிப் பார்த்திருக்க வேண்டும்; சட்டென்று நிறுத்திக்கொண்டாள். “எதுக்குங்க இப்படி?”

“கட்டை ரெடியாயிட்டா நீ பழையபடி ‘சாப்டீங்களா’ன்னு கேட்டுட்டு வெச்சிருவே.”

மறுமுனையில் பஸ் ஏதோ ஒரு நிறுத்தத்தில் நின்று, கதவு திறந்து, மூடி, மறுபடி கிளம்பியது.

“சாயங்காலம் தொட்டியில போடுங்க. நான் பாக்கறேன்” என்றாள்.

“மீனு?”

“மீன் நான் வந்தப்புறம்.”

அன்று கடையிலிருந்து ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார். சட்டைகளையும் டார்ச்சையும் எடுத்துவிட்டுத் தொட்டியைத் துடைத்து, மணல் பரப்பி, பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் நிரப்பினார். போனை ஒரு செம்பில் சாய்த்துத் தொட்டிக்கு எதிரே நிறுத்தினார். அவள் வேலைக்குக் கிளம்பும் சீருடையோடு திரையில் இருந்தாள்.

கட்டையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து, வலது கையால் மெல்ல உள்ளே இறக்கினார்.

“கொஞ்சம் இடது பக்கம். கொம்பு முன்னால பாக்கட்டும். அவ்வளவுதான்.”

கட்டை மணலில் உட்கார்ந்தது. ஒரு குமிழிகூட வரவில்லை. தண்ணீர் நிறம் மாறாமல் நின்றது.

“அழகா இருக்குங்க.”

“ம்.”

“அதான் மூழ்கிடுச்சே. கைய எடுங்க.”

லென்ஸ்காரர் கையை எடுக்கவில்லை. தானாகவே அடியில் கிடந்த கட்டையை, சட்டைக் கை தோள்வரை நனைய, அழுத்திப் பிடித்துக்கொண்டே மறுகையால் போனைக் கொஞ்சம் கிட்டே நகர்த்தினார்.