அண்ணன் பயிற்சிக்குப் போன ஆறு மாதம்

பெலாச்சானைக் கரியடுப்பில் சுடும்போது எழுகிற மணம் இருக்கிறதே, அது பிடித்தவர்கள் வாசனை என்பார்கள், பிடிக்காதவர்கள் நாற்றம் என்பார்கள்; காஜா பேராங்கில் எங்கள் வீட்டில் அந்த இரண்டு கட்சியும் ஒரே கூரைக்குக் கீழ் இருந்தன. காய்ந்த இறால் விழுதின் அந்தக் கட்டியைச் சுட்டு, மிளகாயோடு கல்லுரலில் போட்டுச் சம்பாலாகத் தினமும் மாலை நான்கு மணிக்கு அண்ணி இடிக்கத் தொடங்குவாள், அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுவாள். "திங்கிறது இவ ஒருத்தி, இடிக்கிறது ஊருக்கே" என்று அங்கிருந்து ஒரு குரல் மட்டும் வரும். நான்கு மணி என்பது அண்ணன் ஊரில் இருந்தபோது வேலை முடிந்து சைக்கிளை வாசலில் சாய்க்கிற நேரம் என்பதும், அவன் இல்லாத அந்த அரை மணி நேரத்தைக் கழிக்க அவளுக்குக் கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது என்பதும் ஒன்பது வயதில் எனக்குத் தெரியவில்லை. எனக்கும் மூக்கு எரிந்தது, அவ்வளவுதான் தெரியும்.

மலாய் நாடு சுதந்திரம் அடைந்து மூன்று மாதம்கூட ஆகாத சமயம் அது. தீபாவளி முடிந்த கையோடு அண்ணன் பட்டாளத்தில் சேர்ந்து, ஆறு மாதப் பயிற்சிக்காகப் போர்ட்டிக்சன் முகாமுக்குப் போய்விட்டான். கல்யாணமாகி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. அதுவும் அவனே பார்த்துச் செய்துகொண்ட கல்யாணம். பெண், எங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் இருந்த கம்போங் செட்டி என்கிற செட்டிகள் குடியிருப்பைச் சேர்ந்த மங்களம். அவர்கள் நம்மைப் போலவே கோயில் கும்பிடுகிறவர்கள், பொங்கல் வைக்கிறவர்கள், ஆனால் பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்துவிட்டதால் வீட்டில் பேசுவது மலாய், பெண்கள் உடுத்துவது சாரோங் கைலியும் கெபாயாச் சட்டையும். ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த என் அம்மாவுக்கு இது செரிக்கவில்லை. "பேரு மங்களம், வாயத் தொறந்தா மலாயு" என்று ஒரே வரியில் மருமகளை முடித்துவிடுவாள். அதற்காக அவளைப் பட்டினி போட்டாள், அடித்தாள் என்றெல்லாம் யாரும் நினைக்க வேண்டாம். அம்மா செய்ததெல்லாம், பேசாமல் இருந்ததுதான்.

போகும்போது அண்ணன் அம்மா, அண்ணி இரண்டு பேரிடமும் ஒரே விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போனான். மங்களம் நம் வீட்டில்தான் இருக்க வேண்டும், தாய்வீட்டுக்குப் போய்த் தங்கக் கூடாது. கோபித்துக்கொண்டு ஒரு நாள் போனாலும் ஊர் அதை வேறு மாதிரி பேசும். அம்மாவும் தன் பங்குக்கு, "ஒரு தடவ பெட்டியத் தூக்கிட்டுப் போனா, போனதுதான், திரும்பி இந்தப் படி ஏறக் கூடாது" என்று சொல்லி வைத்திருந்தாள். அதனால் அந்த ஆறு மாதமும் அண்ணி எங்கள் வீட்டில் இருந்தது, ஒரு பக்கம் பாசத்தாலும் மறு பக்கம் பயத்தாலும்தான்.

அம்மாவிடம் சகுனங்களுக்குப் பஞ்சமில்லை. அண்ணன் படியிறங்கிய நாளன்று பொழுது சாயும் வரை வீடு பெருக்கவில்லை. வெளியே போனவனை நினைத்துப் பெருமூச்சு விடக் கூடாது, விளக்கு வைக்கிற நேரத்தில் கண்ணில் தண்ணீர் வரக் கூடாது, "எப்ப வருவான்" என்று கேட்கக் கூடாது. காட்டில் கம்யூனிஸ்டுகளோடு நடந்த சண்டை அப்போதும் ஓயவில்லை. முனைக் காப்பிக்கடை ரேடியோவில் செய்தி வரும் நேரத்தில் அம்மா எங்களை அந்தப் பக்கமே விடமாட்டாள், வீட்டில் "காடு" என்ற சொல்லே தடை. விறகு வெட்டப் போகிறவரைப் பற்றிப் பேசினால்கூட "அங்க போயிருக்காரு" என்றுதான் சொல்ல வேண்டும். மொத்தத்தில், வீட்டில் நாலு பேரும் இருபத்து நாலு மணி நேரமும் நினைத்துக்கொண்டிருந்த ஒருவனைப் பற்றி ஒருவரும் வாய் திறக்க முடியாது என்று ஆகிவிட்டது. அப்பாவுக்கு இது வசதி. பத்து பெரெண்டாம் என்ற ஊரின் விமானத் திடலில் புல் வெட்டிவிட்டு வருகிறவருக்கு இயல்பிலேயே பேச்சு குறைவு.

கடிதம் பத்து நாளைக்கு ஒரு முறை வரும். நாங்கள் இருந்தது ஒரு பெரிய வீட்டின் பின்பகுதி. அதற்குத் தனி எண் கிடையாது. ஆகவே எங்கள் கடிதங்கள் முன்னால் இருந்த பாய் மளிகைக்கடைக்கு வந்து சேரும், நான் ஓடிப் போய் வாங்கி வந்து உரக்கப் படிப்பேன். எல்லாக் கடிதமும் அப்பாவுக்குத்தான், முத்து முத்தான தமிழில். கட்டிய மனைவிக்குத் தனியாகக் கடிதம் போடுவது பெரியவர்கள் இருக்கும் வீட்டில் மரியாதை இல்லை என்று அந்தக் காலத்தில் நினைத்தார்கள். கடைசியில் "மங்களத்தை விசாரித்ததாகச் சொல்லவும்" என்று ஒரு வரி இருக்கும். அண்ணிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அந்த வரிக்காகக் கதவோரம் நின்றுகொண்டே இருந்து, அது வந்ததும் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

இதில் அம்மாவுக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. பட்டாளத்தில் சேரும்போது, ஏதாவது ஆனால் யாருக்குத் தகவல் கொடுப்பது என்று எழுதித் தரச் சொல்வார்களாம். கல்யாணமானவன் என்பதால் அண்ணன் மனைவியின் பெயரை எழுதியிருக்கிறான், எங்கள் வீட்டுக்கு எண் இல்லாததால் அவள் தாய்வீட்டு முகவரியைக் கொடுத்திருக்கிறான். "பெத்தவளுக்கு இல்ல, அவ ஆத்தா வூட்டுக்குத்தான் தந்தி போவுமாம்" என்று ஒரே ஒரு முறை அப்பாவிடம் சொன்னாள். சொன்னதும் தன் வாயில் தானே இரண்டு போட்டுக்கொண்டாள்.

அண்ணி பகல் பொழுதை ஒரு கைத்தையல் இயந்திரத்தில் ஓட்டினாள். அக்கம்பக்கத்து ரவிக்கைகளைத் தைத்த பிறகு அண்ணனுக்கு ஒரு வெள்ளைச் சட்டை வெட்டினாள். பயிற்சியில் உடம்பு இளைத்திருக்குமா, தோள் அகன்றிருக்குமா என்று தெரியாமல் இரண்டு முறை பிரித்துத் தைத்தாள். அதன் பொத்தான்கள் உருண்டோடியபோது கட்டிலடியில் புகுந்து பொறுக்கிக் கொடுத்தவள் நான்தான்.

மார்கழியில் கடிதம் நின்றது. பத்து நாள் இருபதானது, இருபது முப்பதை நெருங்கியது. நான் பாய் கடைக்குத் தினமும் போய்வந்தேன். பாய் என்னைப் பார்த்ததுமே கையை விரித்துக் காட்டிவிடுவார். அம்மா ஒரு வேளைச் சோற்றைக் குறைத்துக்கொண்டாள். கேட்டால், விரதம் என்றாள். அண்ணி நான்கு மணிக்கு இடித்த சம்பாலை இப்போது அவளும் தொடுவதில்லை, அது அப்படியே காய்ந்து கிடந்தது. இருவருக்கும் ஒரே பயம். ஆனால் அம்மாவின் சட்டப்படி அதைப் பேசக் கூடாது. பேசாததால், அம்மா மருமகளைக் கல்நெஞ்சக்காரி என்று நினைத்தாள். மருமகள் மாமியாரை என்ன நினைத்தாளோ, அதை எந்த மொழியிலும் சொல்லவில்லை.

போகி வந்தது. செட்டி வீடுகளில் அன்று இறந்துபோன முன்னோருக்குப் படையல் வைப்பார்கள். அதை அவர்கள் "பார்ச்சு" என்பார்கள். வாழையிலை விரித்து, செத்தவர்கள் ஆசையாகச் சாப்பிட்டதையெல்லாம் சமைத்துப் பரப்பி, விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, அவர்கள் வந்து சாப்பிடுவதற்காக எல்லோரும் சற்று விலகி நிற்பார்கள். அண்ணியின் அப்பா லாரி ஓட்டியவர், காலமாகி மூன்று வருடம். சமைக்க உதவிக்குப் போய்வருகிறேன் என்று அண்ணி கேட்க, "வெளக்கு வைக்கிறதுக்குள்ள வந்துரணும்" என்று அம்மா சுவரைப் பார்த்துச் சொன்னாள். பலகாரம் கிடைக்கும் என்பதால் நானும் ஒட்டிக்கொண்டேன்.

அங்கே பின்முற்றத்தில் விளையாடிவிட்டு நான் உள்ளே எட்டிப் பார்த்தபோது கூடத்தில் யாருமில்லை. இலைகளில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறும், பொரித்த மீனும், கோழிக்கறியும். ஓர் இலை தனியாக இருந்தது. அதில் சார்டின் மீன் சம்பாலும் ஒரு டின் சிகரெட்டும், இலையின் தலைமாட்டில் மடித்து வைத்த வெள்ளைச் சட்டையும். அது அண்ணனின் சட்டை. சார்டின் அண்ணனுக்கு உயிர். அடுப்படியில் அண்ணியும் அவள் அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள். செத்தவர்களுக்குத்தான் இந்த இலை என்று காலையில்தான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். நான் யாரிடமும் கேட்கவில்லை. அண்ணனைப் பற்றிக் கேட்கக் கூடாது என்றுதானே எனக்குப் பழக்கியிருந்தார்கள். ஓடினேன்.

"அம்மா, அண்ணி வூட்டுல அண்ணனுக்குப் படையல் போட்டிருக்காங்க. புதுச் சட்ட வச்சிருக்காங்க, எல்லாரும் அழுவுறாங்க."

அம்மா என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு, "தந்தி அங்க வந்துருச்சுடி, எங்கிட்ட மறைச்சிட்டாளுங்க" என்று எழுந்தவள், கையில் இருந்த அரிசி முறத்தைப் போட்டுவிட்டுச் செருப்பில்லாமல் தெருவில் இறங்கினாள். கல்யாணத்துக்குக்கூட மிதிக்காத அந்த வீட்டுக்குள் தலைவிரி கோலமாகப் புகுந்து, இலையின் முன்னால் விழுந்து, மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். தோட்டத்து ஒப்பாரி. பெயர் சொல்லி, பிறந்த நாள் சொல்லி, பால் கொடுத்த கதை சொல்லி அழுகிற அந்த அழுகையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பின்னாலேயே ஓடிவந்த நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.

அண்ணி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். முதலில் அவளும் அம்மாவுக்குத்தான் ஏதோ தகவல் வந்துவிட்டது என்று எண்ணி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து அலறினார்கள். நடுவில் புகுந்து விஷயத்தைப் பிரித்தெடுத்தது அண்ணியின் அம்மாதான். "சாபார், சாபார்" என்று, பொறுமை பொறுமை என்று இருவர் தோளையும் அழுத்திக்கொண்டு, சுவரில் இருந்த தன் கணவரின் படத்தைக் காட்டினார். இலை அவருக்கு. சார்டினும் சிகரெட்டும் அவர் விரும்பியவை. கண்ணைக் கசக்கியது அவரை நினைத்து. சட்டை மட்டும் மருமகனுடையது. புதுத் துணியைப் பெரியவர் முன் வைத்துக் கும்பிட்டு எடுத்து உடுத்தினால் காவல் என்று அண்ணி கொண்டுவந்து வைத்திருக்கிறாள்.

"தாக் அடா, அத்தை. தந்தி ஒண்ணும் இல்ல. வந்தா நா எப்படி நிக்கிறது?" என்றாள் அண்ணி, அவளுக்குத் தெரிந்த தமிழில்.

புதுத்துணியைப் படைத்துவிட்டு உடுத்துவது எங்கள் வீட்டிலும் உள்ள வழக்கம்தான். அம்மாவுக்கு அது தெரியாதா என்ன? பயம் வந்தால் தெரிந்ததெல்லாம் மறந்துபோகும். அம்மா எழுந்து உட்கார்ந்தாள். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு ஒப்பாரி வைத்துவிட்டோம் என்பது மெல்ல உறைத்ததும் முகம் சாம்பலாகிவிட்டது. அது எவ்வளவு பெரிய அபசகுனம் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்! எனக்கு முதுகில் ஓர் அறை விழுந்தது. பிறகு அண்ணியைப் பார்த்து, "நீ எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல, பயமா இருக்குன்னு" என்றாள்.

"அத்தை பேச வேணாம் சொன்னீங்க."

அம்மா அவிழ்ந்த தலையை அள்ளி முடிந்தாள். அந்த வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்து, அந்த இலையிலிருந்து எடுத்துப் பரிமாறிய சோற்றைச் சாப்பிட்டாள், சார்டின் சம்பாலையும் சேர்த்து. கிளம்பும்போது எங்கள் மூவரிடமும், "நான் இன்னைக்கி அழுதது அவன் காதுக்குப் போவக் கூடாது. கேட்டா அவன் ஆயுசு கொறையும்" என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். போகும்போது தனியாக ஓடிவந்தவள், திரும்பும்போது அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வழியெல்லாம் இருவரும் அண்ணனைப் பற்றியே பேசினார்கள், ஒருத்தி தமிழிலும் ஒருத்தி மலாயிலுமாக.

அடுத்த வாரமே கடிதம் வந்தது. களப்பயிற்சிக்கு உள்ளே அழைத்துப் போயிருந்தார்களாம், அஞ்சல் வசதி இல்லையாம். ஆறு மாதம் முடிந்து அண்ணன் வந்தபோது சட்டை தோளில் பிடித்தது, இடுப்பில் தொளதொளத்தது. மாமியாரும் மருமகளும் ஒரே முறத்தில் கீரை ஆய்வதைப் பார்த்து அவனுக்கு ஒரே பெருமை. "பாத்தியா, நான் பட்டாளத்துக்குப் போன ஆறு மாசத்துல வீடு தானா ஒழுங்காயிருச்சு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டான். நாங்கள் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்தோம்.

அந்தப் பின்பகுதி வீடு இன்று இல்லை. அந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. பாய் கடையும் காப்பிக்கடை ரேடியோவும் போய்விட்டன. ஒப்பாரி சொல்லத் தெரிந்தவர்களும் எங்கள் குடும்பத்தில் யாருமில்லை, அம்மாவோடு அது முடிந்தது. கம்போங் செட்டி இருக்கிறது, வீடுகள் குறைந்து, கோயில்கள் மட்டும் குறையாமல். அண்ணன் பட்டாளத்தில் முழுக் காலமும் இருந்து ஓய்வு பெற்று, பேரன் பேத்தி எடுத்து, போன வருடம் புக்கிட் பாரு வீட்டில் தூக்கத்திலேயே போய்ச்சேர்ந்தான். சாவுக்கு வந்த பெண்கள், அண்ணி ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடவில்லை என்று மூலையில் முணுமுணுத்தார்கள். நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். இப்போது அவள் தமிழ் என் தமிழைவிட நன்றாக இருக்கும்.

"அவருக்கு அழவேண்டியத அத்தை அன்னைக்கே அழுது தீத்துட்டாங்க பாப்பா. அதுக்கப்புறம் அறுபது வருசத்துக்கு மேல இருந்தாரே" என்றாள். எதிரே அண்ணனைக் கிடத்தியிருந்தார்கள். அவன் காதில் விழாத அளவுக்குக் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள்.