பலாப்பழத்துக்கு எத்தனை மார்க்?

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் பலாப்பழ வாசனை அடித்தால் மற்றவர்களுக்கு நாக்கில் நீர் ஊறும். எனக்கோ கை தானாகச் சட்டைப்பையில் சிவப்புப் பேனாவைத் தேடும். அந்த வாசனைக்குள் ஒரு விடைத்தாள் இருக்கிறது.

வெள்ளிமலையில் நான் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்த நாட்கள். ப்ளஸ் ஒன் விடைத்தாள் திருத்தும் முகாமுக்காகக் கீழே இறங்கி வந்திருந்தேன். மலைக் குளிர் முதுகைவிட்டுப் போவதற்குள் வெயில் ஏறி உட்கார்ந்துகொண்டது. முகாமில் யோசிக்க நேரமில்லை. கட்டு வரும், பிரிப்போம், ‘கீ’ என்று நாங்கள் சொல்லும் விடைக்குறிப்பைப் பார்த்து டிக், டிக், சைபர், டிக். தாள் வேறு மாவட்டத்துடையது. பேர் கிடையாது, ஊர் கிடையாது, ஒரு டம்மி எண் மட்டும்.

அன்று ஒரு தாள் பதிமூன்றில் நின்றது. பதினைந்து எடுத்தால்தான் பாஸ். ஃபெயில் தாளை இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் எங்கள் மேற்பார்வையாளரான சீஃபிடம் கொடுக்க வேண்டும். அலுப்போடு புரட்டினேன். ஜன்னல் வழியாகப் பலாப்பழ வாசனை வந்தது. வெளியே கேட்டோரம் ஒரு குட்டி லாரியில் பழ வியாபாரம். என் கண் ஒரு பக்கத்தில் நின்றது.

கேள்வி: வேகமாக வரும் பந்தைப் பிடிக்கும் கிரிக்கெட் வீரர் கைகளைப் பின்னோக்கி இழுப்பது ஏன்? மூன்று மார்க்.

பதில்: ‘நான் கிரிக்கெட் ஆடியதில்லை. பலாப்பழம் பிடித்திருக்கிறேன். அண்ணன் மரத்தில் ஏறி வெட்டிவிடும். நாங்கள் நான்கு பேர் கீழே சாக்கைப் பிடித்து நிற்போம். பழம் விழுந்ததும் சாக்கைக் கீழே இறக்கிக்கொண்டே பிடிப்போம். சட்டென்று நிறுத்தினால் அடி அதிகம். மெதுவாக நிறுத்தினால் அடி குறைவு.’

பக்கத்தில் என் கையெழுத்தில், வட்டமாக, அழகாக ஒரு சைபர்.

“இன்னா சார், தாள மோந்து பாத்துக்கினு கீறீங்க?” என்றார் பக்கத்து நாற்காலி ஏழுமலை சார், சின்னசேலத்துக்காரர். நீட்டினேன். படித்தார்.

“கரெக்டாதான சார் எழுதிக்கீது இந்தப் புள்ள? உந்த மாற்றம் எப்படியும் ஒன்னுதான். டைம் ஜாஸ்தியானா ஃபோர்ஸ் கம்மி. கணத்தாக்குன்னு நாம போர்டுல கத்தறது இதத்தான?”

“கீயில பலாப்பழம் இல்லியே.”

“கீயில உங்க மூஞ்சிகூடத்தான் இல்ல. நீங்க வந்து உக்காரல?”

சீஃப் மலர்விழி மேடத்திடம் போனோம். மேடம் கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார்.

“கை வேற, சாக்கு வேற சார். சாக்கக் கீழ எறக்குனா பழம் தரையில மோதிடும். இழுத்துப் புடிச்சாத்தான் தாங்கும். தப்பான பதிலுக்கு மார்க் கேட்டு வந்திருக்கீங்க ரெண்டு பேரும்.”

“செஞ்சி பாத்துடலாமே மேடம்” என்றார் ஏழுமலை.

மதியச் சாப்பாட்டு நேரம். பழக்கார அம்மாவிடம் ஒரு புள்ளை பரீட்சையில் இப்படி எழுதியிருக்கிறது என்று சொல்லி ஒரு சாக்கும் இரண்டு சிறிய பழங்களும் வாங்கினோம். ஏழுமலை லாரியின் தலைமேல் ஏறினார். சாக்கின் நாலு மூலைக்கு நான், மேடம், வாட்ச்மேன், பழக்கார அம்மா.

“நல்லா இறுக்கிப் புடிங்க!” என்றார் மேடம்.

“இன்னா மேடம், துணி காயப் போடறாப்புல இழுத்துப் புட்ச்சிக்கினு நிக்கிறீங்க? கையி போய்டும்ங்க” என்றார் பழக்கார அம்மா.

“நீ சும்மா இரும்மா. விடுங்க சார்!”

பழம் வந்தது. சாக்கு மேடத்தின் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது. தரையில் பழம் பிளந்து, மேடத்தின் சந்தன நிறச் சேலை முழங்கால்வரை மஞ்சளாயிற்று. வாட்ச்மேன் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

இரண்டாவது பழத்துக்கு அந்த அம்மா தலைமை ஏற்றார். “தொள தொளன்னு புடிங்க. பழத்துகூடவே கையி கீழ போவணும். இப்போ, வுடு... வுடு... வுடு!” நாலு பேரும் சேர்ந்து குனிந்தோம். தரைக்கு ஒரு சாண் மேலே தொட்டில் பிள்ளை மாதிரி அமர்ந்தது பழம்.

மேடம் உடைந்த பழத்திலிருந்து ஒரு சுளையை எடுத்துத் தின்றார். கையைக் கழுவிக்கொண்டு மாடி ஏறினார். என் சைபரை அடித்து, இரண்டு போட்டு, கையெழுத்தும் போட்டார்.

“விளக்கத்துக்கு ரெண்டு. ஃபார்முலாவுக்கு ஒன்னு, அத எழுதல. பதினஞ்சு.”

அத்தனை வருடம் உந்தம் நடத்தியவன் நான், என் பேனா போகும் வேகத்தை ஒரு நாளும் அளந்ததில்லை. ஒரு சைபர் போட அரை நொடி போதும். வாங்குகிறவர்களுக்கு அது ஒரு வருடம். இளைய ஆசிரியர்களுக்கு நான் சொல்ல முடிவது இவ்வளவுதான்: சைபர் போடும் முன் பேனாவைக் கொஞ்சம் தூக்கிப் பிடியுங்கள், பதிலை இன்னொரு தடவை படியுங்கள்.

சாயங்காலம் கேட்டருகே பழக்கார அம்மா மறித்தார். “அந்தப் புள்ள பாஸாங்க மேடம்?”

“மார்க்கெல்லாம் வெளிய சொல்லக் கூடாதும்மா” என்று முறைத்துவிட்டு, மஞ்சள் சேலையோடு மேடம் சேலம் பஸ்ஸில் ஏறினார். பஸ் நகர்ந்தது. ஜன்னலில் தலை வெளியே வந்தது.

“அந்த ஃபார்முலாவையும் எழுதித் தொலைச்சிருந்தா பதினாறும்மா!”