சோனாப்பூரிலிருந்து ஒரு பூங்கா வாசல்வரை

என் தம்பி செல்வம் துபாயில் எலெக்ட்ரீஷியன். நான்கு வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவன் போன ஜனவரியில், "சவுதியில ஜுபைல் சைட்டுக்கு மாத்தறாங்க. இப்ப வராட்டி அப்புறம் இல்லீங்க்கா" என்றான். திருப்பூர் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர் நான். லீவு கேட்டால் முதலாளி முகம் கடுகாய் வெடிக்கும். வெடிக்கட்டும் என்று ஒரு வாரம் வாங்கிக்கொண்டு கிளம்பினேன். கோவையிலிருந்து ஷார்ஜாவுக்கு நேரடி விமானம் இருக்கிறது, நாலு மணி நேரம்தான்.

ஷார்ஜாவை ஒட்டிய துபாயில், தேரா பகுதியில் சின்ன ஓட்டலில் தங்கினேன். மெட்ரோ கார்டு இருபத்தைந்து திர்ஹாம், முதல் வேலையாக வாங்கிவிடுங்கள். பெண்களுக்குத் தனிப் பெட்டி உண்டு, கூட்ட நேரத்தில் அதுவே சொர்க்கம்.

இரண்டே நாளில் எனக்கு ஒரு விளையாட்டு பழகிவிட்டது. ஆளின் முகத்தைப் பார்த்து வேலையைச் சொல்வது. டாக்ஸி ஓட்டுபவர் பாகிஸ்தான்காரர், காபி ஊற்றுபவள் பிலிப்பைன்ஸ்காரி, வாசலில் நிற்கும் காவலர் ஆப்பிரிக்கர் அல்லது நேபாளி, கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருப்பவர் வெள்ளைக்காரர். தெருவோரக் கம்பத்தில் வாடகைக் கட்டில் விளம்பரம் ஒட்டியிருந்தால், அதிலும் 'மலையாளிகளுக்கு மட்டும்', 'பிலிப்பினோ பெண்களுக்கு மட்டும்' என்றிருக்கும். சிரிப்பாகத்தான் ஆரம்பித்தேன். என் ஊகம் அநேகமாகத் தப்பவே இல்லை என்று ஆனபோது சிரிப்பு வரவில்லை.

ஞாயிறு மதியம் சோனாப்பூருக்கு டாக்ஸி பிடித்தேன். பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும், முப்பது திர்ஹாம் ஆனது. டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "அங்க எல்லாம் லேபர் கேம்ப், மேடம். உங்களுக்கு என்ன வேலை?" என்று இந்தியில் கேட்டார். எங்கள் கம்பெனியில் பாதிப் பேர் வடக்கத்திப் பிள்ளைகள், அதனால் எனக்கு இந்தி நன்றாகவே வரும். தம்பி அங்கேதான் இருக்கிறான் என்றேன். அதற்கப்புறம் மேடம் போய் அக்கா ஆகிவிட்டேன்.

கேம்ப் வாசலில் செல்வத்தோடு இன்னொருவனும் நின்றான். பிரேம், நேபாளத்துப் பையன், அவனும் எலெக்ட்ரீஷியன். அவர்கள் அறையில் வேலைவாரியாக ஆட்களைப் போட்டிருந்ததால் நான்கு வருடமும் இருவரும் ஒரே அடுக்குக் கட்டிலில் மேலும் கீழும். இருவரும் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தார்கள். விஷயம் இதுதான்: நகரின் வடக்குப் பக்கம் ஒரு தனியார் பூங்கா, நடுவில் செயற்கை ஏரி. அந்தக் கரை விளக்குகளை மாட்டியது இவர்கள் இருவரும்தான். மாட்டி முடித்து இவர்கள் வேறு சைட்டுக்குப் போன பிறகே கரண்ட் கொடுத்தார்கள். அவை எரிந்து இவர்கள் பார்த்ததே இல்லை. புதன்கிழமை செல்வம் ஜுபைல் போய்விடுவான். அதற்குள் சேர்ந்து ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

பூங்கா போய்ச் சேர்ந்தோம். வாசலில் 'விடுமுறை நாளில் ஃபேமிலி மட்டும்' என்று பலகை. ஆண்கள் தனியாகப் போனால் 'பேச்சிலர்' என்று திருப்பிவிடுவார்களாம். அதற்குத்தானே நான் இருக்கிறேன்! "ரெண்டு பேரும் என்ற தம்பிங்கன்னு சொல்லிக்கலாம், வாங்க" என்று முன்னால் நடந்தேன். காவலர் செல்வத்தை விட்டார். பிரேமைக் கைகாட்டி நிறுத்தினார்.

"இவனும் என் தம்பிதான்" என்றேன் இந்தியில், குரலை உயர்த்தி.

காவலர் பிரேமிடம் நேபாளியில் ஏதோ கேட்டார். பிரேம் தலையாட்டினான். பிறகு காவலர் என்னை அக்கா முறையில் அழைத்து, "எங்க பக்கத்து ஜில்லாக்காரன், தீதி. இவன் உங்க தம்பி இல்லன்னு என்னைவிட யாருக்குத் தெரியும்? மேல கேமரா இருக்கு, விட்டா என் வேலை போயிடும்" என்றார்.

வாய் பேசியே பிழைத்தவள் நான். கோபம் வந்தது, ஆனால் அதை அந்த மனிதர்மேல் காட்ட முடியவில்லை.

"நீ போய்ப் பாரு, போட்டோ எடு" என்றான் பிரேம், செல்வத்திடம் கற்ற தெளிவான தமிழில்.

"உன்னை உட்டுப்போட்டு நான் போறதா? போடா" என்று செல்வம் வெளியே வந்துவிட்டான்.

வேலியை ஒட்டிச் சாலையோரமாக ஒரு கிலோமீட்டர் சுற்றி நடந்தோம். பின்பக்கம் கம்பி இடைவெளியில் ஏரி தெரிந்தது. ஆறு மணிக்குமேல் விளக்குகள் வரிசையாக எரிந்தன. ஒன்று மட்டும் எரியவில்லை. "அது நீ போட்ட ஒயர் ஜாயிண்ட்" என்று இருவரும் மாறி மாறிக் குற்றம் சாட்டிச் சிரித்தார்கள். உள்ளே ஓடிவந்த ஒரு குழந்தை எங்களைப் பார்த்துக் கையாட்டியது. அதன் அம்மா சட்டென்று இழுத்து, "அங்க போகாதடா, பேச்சிலர்ஸ் நிக்கறாங்க" என்றாள். நல்ல மெட்ராஸ் தமிழ்.

"பயப்படாதீங்கம்மா, நாங்க ஃபேமிலிதான்" என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அங்கிருந்து கிரீக் என்கிற உப்பங்கழிக்குப் போய் ஆப்ரா என்கிற மரப்படகில் ஏறினோம். ஆளுக்கு ஒரு திர்ஹாம், பலகை இல்லை, காவலர் இல்லை. கேம்பில் இருக்கும் தம்பியையோ மகனையோ பார்க்கப் போகிறவர்கள், எங்கே சுற்றலாம் என்று கேட்காதீர்கள். அவனையும் அவன் கூட்டாளியையும் எங்கே உள்ளே விடுவார்கள் என்று முதலில் கேளுங்கள். கிரீக் ஓரம், திறந்த கடற்கரை இவை பரவாயில்லை. கிடைக்கிற ஒரு ஞாயிறை வாசலில் கழிக்காதீர்கள்.

நான் ஊர் திரும்பிய அடுத்த வாரம் ஜுபைலிலிருந்து செல்வம் கூப்பிட்டான். அங்கே அறைகளை நாட்டுவாரியாகப் பிரித்திருக்கிறார்களாம். இவன் அறையில் எல்லாரும் தமிழ்.

"அப்புறமென்ன கண்ணு, பேச ஆள் இருக்குதல்ல?" என்றேன்.

"இருக்கறாங்க்கா" என்றான். "பிரேம் இல்லீங்களே."