யாரும் வைக்காத எண்

அப்பாவும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை, வீட்டு ரௌட்டரின் எண்ணை மாற்றியது. அவள் வேறு ஊரில், தன் அலுவலகப் படிக்கட்டில் நின்றபடி போனில் சொல்லச் சொல்ல, அவர் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஒற்றை விரலால் தட்டினார்.

"ஆபீஸ் மெஷினோட நம்பரைப் போட்டா நம்ம வீட்டு பிரிண்டர் வந்து நிக்குதும்மா. மை தீர்ந்துபோச்சுன்னு வேற புலம்புது."

"ரெண்டுக்கும் ஒரே நம்பர்ப்பா. உங்க ஆபீஸும் 192.168.1, நம்ம வீடும் 192.168.1. கடையில வாங்குற ரௌட்டர் நிறைய அப்படித்தான் வரும். அங்க இருபதாம் நம்பர் ஃபைல் வைக்கிற மெஷின், இங்க இருபதாம் நம்பர் பிரிண்டர். ஆபீசோட இணைக்கிற வி.பி.என். போட்டாலும் கம்ப்யூட்டர் பக்கத்துல இருக்கிற இருபதோட கதவைத்தான் தட்டும்."

"கூப்பிட்டவன் வரல, கூப்பிடாதவன் பந்தியில உக்காந்துட்டான்."

"வீட்டு நம்பரை மாத்திடலாம். 10.73.40ன்னு போடு."

"அதென்ன கணக்கு?"

"ஒரு கணக்கும் இல்ல. யாரும் வைக்க மாட்டாங்க, அவ்வளவுதான்."

அவர் எண்ணை மூன்று முறை திருப்பி வாசித்தார், புள்ளி உட்பட. சட்டப் புத்தகங்களுக்கு மெய்ப்புத் திருத்துகிறவர். முப்பத்தோரு வருடம். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே 'கமா சார்'. இதயத்தில் கோளாறு என்று தெரிந்தபின் படி ஏறக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அலுவலகமோ மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. வீட்டிலிருந்து வேலை செய்ய நிர்வாகி அரை மனதாக ஒப்புக்கொண்டார். "லைன் ஒழுங்கா இருக்கிற வரைக்கும்தான். இல்லைன்னா வந்து உக்காரணும்."

அலுவலகக் கோப்பு திறந்தது. "அப்பாடா" என்றார்.

"ஒரு தடவை போட்டாச்சுன்னா ஆயுசுக்கும் தொட வேண்டாம். இனிமே இதுக்கெல்லாம் எனக்கு போன் பண்ணாதப்பா. தலைக்கு மேல வேலை கிடக்கு."

"உத்தரவுங்க மேடம்" என்று சிரித்துவிட்டு வைத்தார்.

எட்டு வாரம் கழித்து அவர் இறந்தார். மிச்சக் கதை, நிறுவனத்துக்கு லேப்டாப்பைத் திருப்பிக் கொடுப்பதற்காக மகள் அதைத் திறந்தபோது தெரிந்தது.

கண்ட பிழையைத் தன் பிரதியில் மட்டும் திருத்திக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் இல்லை அவர். வீட்டிலிருந்து வேலை செய்கிற இன்னும் பதினோரு பேருக்கும் இதே தொல்லை. அன்றைக்கே அலுவலகத்தில் நெட்வொர்க் பார்க்கிறவருக்கு மெயில் எழுதியிருந்தார். காரணம், செய்முறை, எண், எல்லாம் வரிசையாக. கடைசியில் ஒரு வரி: 'இந்த எண்ணைத் தந்தவள் என் மகள். நெட்வொர்க் பொறியாளர்.'

பதினோரு பேருக்குப் போனில் பாடம் எடுக்க நெட்வொர்க்காரருக்குப் பொறுமை இல்லை. நாலு வாரம் கழித்து, யாருக்கும் சொல்லாமல், அலுவலகத்தின் எண்ணையே மாற்றினார். 10.73.40. பதினோரு வீட்டிலும் கோப்புகள் திறந்தன. மோதுவதற்கு உலகத்தில் ஒரே ஒரு வீடுதான் மிச்சம் இருந்தது, அவருடையது. கொடுத்தவர் விரலே அவர் கண்ணைக் குத்தியது.

கோப்பு திறக்கவில்லை என்று அப்பா நாலு மெயில் அனுப்பியிருந்தார். நாலாவதுக்கு நிர்வாகியிடமிருந்து பதில் வந்தது: 'எல்லோருக்கும் வேலை செய்கிறது. கோளாறு உங்கள் வீட்டில். திங்கள் முதல் நேரில் வரவும்.'

"எனக்கு ஏம்மா சொல்லல?" என்று மகள் கேட்டாள்.

அம்மா துவைத்த துணியை மடித்துக்கொண்டே சொன்னாள். "சொல்லலாம்னுதான் போனை எடுத்தேன். பிடுங்கி வச்சுட்டாரு. 'ஆயுசுக்கும் தொட வேண்டாம்னு போட்டுக் கொடுத்தா, நான்தான் எதையோ தொட்டுக் கெடுத்துட்டேன் போலிருக்கு, திட்டுவா'ன்னாரு."

"நான் எப்ப திட்டினேன்?"

அம்மா மடித்த துணியை அடுக்கின்மேல் வைத்தாள். இன்னொரு துணியை எடுத்தாள்.

அவர் எதையும் தொடவில்லை. மகளிடம் கேட்டிருந்தால் ஒரு எண்ணை மாற்றச் சொல்லியிருப்பாள். அரை நிமிட வேலை. அதற்குப் பதில் பதினேழு நாள் பஸ் ஏறி, மூன்று மாடி ஏறினார். பதினெட்டாம் நாள் இரண்டாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்தார். செருப்பு வாரைச் சரிசெய்கிறார் என்று நினைத்து இரண்டு பேர் தாண்டிப் போயிருக்கிறார்கள்.

மகள் நெட்வொர்க்காரருக்குப் போன் செய்தாள். பெயரைச் சொல்லவில்லை, கமா சாரின் மகள் என்றாள்.

"ஐயோ மேடம். தங்கமான மனுஷன்."

"அந்த நம்பரை ஏன் ஆபீசுக்கு வச்சீங்க?"

"நீங்க கொடுத்ததுதானே மேடம்! அருமையான நம்பர். வச்சதுலேர்ந்து ஒரு தகராறும் இல்ல."

"ஒரு வீட்டுல இருந்துச்சு."

"அது… அவர் வீட்டு லைன் ஏதோ சரியில்லைன்னு…"

போனை வைத்துவிட்டாள். கத்தியிருக்கலாம். ஆனால் எண் அவளுடையது, அந்தப் படிக்கட்டுப் பேச்சும் அவளுடையது. அடுத்தவரைத் திட்ட நாக்கு எழவில்லை.

லேப்டாப் பையின் உள்ளறையில் ஒரு மருத்துவச் சான்று இருந்தது. 'படி ஏறக்கூடாது, கீழ்த்தளத்தில் இருக்கை தரப் பரிந்துரைக்கிறேன்.' அவர் நேரில் போக ஆரம்பிப்பதற்கு முந்தைய சனிக்கிழமைத் தேதி. வயது என்ற இடத்தில் ஐம்பத்தெட்டுக்குப் பதில் எண்பத்தைந்து என்றிருந்தது. அப்பா அதைப் பென்சிலால் வட்டமிட்டு, ஓரத்தில் தன் குண்டு எழுத்தில் எழுதியிருந்தார்: 'திருத்தி வாங்கிய பின் நிர்வாகியிடம் தரவும்.'

மருத்துவமனை, அலுவலகத்துக்கு முந்தைய நிறுத்தம். அதே பஸ்தான். காலையில் இறங்கினால் வருகைப்பதிவுக்கு நேரமாகிவிடும், சாயங்காலம் மருத்துவர் இருக்கமாட்டார். வர்ற சனிக்கிழமை போய்க்கொள்ளலாம் என்று வாராவாரம் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.