லிஃப்ட்காரரின் பதினேழு மேம்பாடுகள்

"என் கை பட்டு ஒரு பொருள் முன்னேறிச்சுன்னா, முன்னேறினது முன்னேறினதுதான். திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டு வர்ற பழக்கம் நம்ம பரம்பரையிலேயே கிடையாது."

இந்தப் பிரகடனத்தை லிஃப்ட்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பழைய கம்ப்யூட்டர் பிரியர்கள் ஐந்து பேர் கூடிய மகாசபையில், எழுந்து நின்று வெளியிட்டார். சபை ஒரு பிரிண்டர் மெக்கானிக்கின் கடையில் நடந்தது. இருந்தவை மூன்று நாற்காலிகள்தான் என்பதால் அவர் எப்படியும் நின்றுகொண்டுதான் இருந்தார். பரம்பரையைப் பற்றி அவர் சொன்னதற்கும் ஆதாரம் எதுவும் இல்லை. அவருடைய அப்பா கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதைத் தவிர வேறு எந்த இயந்திரத்தையும் தொட்டவர் அல்லர்.

பேசியதோடு நிறுத்தியிருக்கலாம். தன் கம்ப்யூட்டரிலிருந்து அதுவரை கழற்றிய ஆதி உறுப்புகளை எல்லாம் ஒரு பையில் போட்டு, "வச்சுக்கங்க, எனக்கு இனிமே எதுக்கு?" என்று வள்ளல் போலப் பிரிண்டர் மெக்கானிக்கிடம் தாரை வார்த்தும் விட்டார். இப்போது அதை நினைத்தால் அவருக்கே காது மடல் சூடாகிறது.

லிஃப்ட்காரருக்கு வயது நாற்பத்தொன்பது. நகரத்தின் பதினெட்டுக் கட்டடங்களில் லிஃப்ட் பராமரிப்பு அவர் பொறுப்பு. அந்த வேலையில் ஒரு சங்கடம் உண்டு. எதையும் மாற்றக் கூடாது. நிறுவனம் தந்த கையேட்டில் எந்த நட்டு எத்தனை சுற்று என்று எழுதியிருக்கிறதோ அத்தனை சுற்றுதான். கால் சுற்று கூடினாலும் விளக்கக் கடிதம் கொடுக்க வேண்டும். இருபத்தாறு வருடமாக இப்படிக் கைகட்டி நின்ற ஒரு மேதையின் கற்பனை எங்கே போகும்? வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையின் மேல் இருந்த அப்பாவிக் கம்ப்யூட்டரின் தலையில் இறங்கியது.

அது அவர் பதினாறு வயதில் வீட்டுக்கு வந்த பெட்டி. பெட்டி என்றாலும் தடிமனான ஒரு விசைப்பலகைதான். உள்ளேயே எல்லாம் அடக்கம். டிவியோடு இணைத்து, டேப் ரெக்கார்டரில் கேசட்டை ஓட்டினால், ஆறு நிமிடம் கீச்சுக் கீச்சென்று கத்திவிட்டு ஒரு விளையாட்டைக் காட்டும். அதன் மொத்த நினைவகத்தில் இன்றைக்கு ஒரு கல்யாணப் புகைப்படத்தில் மாப்பிள்ளையின் மீசையைக்கூட வைக்க முடியாது.

இந்த அவலத்தை லிஃப்ட்காரர் பொறுப்பாரா? முதல் மேம்பாடாக நினைவகத்தை இரட்டிப்பாக்கினார். அந்தக் கூடுதல் இடத்தில் வைக்க இன்றுவரை எதுவும் கிடைக்கவில்லை. மூன்றாவதாக, சூடேறாத மின்வழங்கி. அதைப் பொருத்தியபோது மேசையில் ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோல் பட்டு ஒரு கருவட்டம் விழுந்தது. மனைவி அதன் மேல் பூச்சாடியை வைத்து மறைத்தார். ஐந்தாவது மேம்பாட்டில் இரண்டாவது வட்டம் விழுந்தபோது, "இன்னொரு பூச்சாடி வாங்கணும்ங்க, இல்லன்னா இந்த வீட்டுக்கு இன்னொரு ஆம்பளை வேணும்" என்று மட்டும் சொன்னார். மறுநாள் பூச்சாடி வந்துவிட்டது.

ஒன்பதாவதுதான் மகுடம். கம்ப்யூட்டருக்குத் தாளம் போடுவது கிரிஸ்டல் என்ற சிறிய உலோகக் குப்பி. அதைப் பிடுங்கி இரட்டை வேகத் தாளம் போடும் புதியதைப் பொருத்தினார். அந்த வேகத்தில் கேசட்டின் கீச்சொலி பெட்டிக்குப் புரியவில்லை. ஆகவே பத்தாவதாக, கேசட் பகுதியையே அறுத்தெடுத்துவிட்டு, நகம் அளவு மெமரி கார்டு ஒன்றை வைத்தார். பதினொன்றாவதாக, சிறு வயதில் தானே தட்டி வைத்திருந்த விளையாட்டுகளைக் கார்டுக்கு மாற்றி, அவற்றில் இருந்த பிழைகளைத் திருத்தினார். பிறகு மெத்தென்ற ரப்பர் விசைகளுக்குப் பதில் டொக் டொக்கென்று அடிக்கும் விசைகள், உள்ளே நீல விளக்கு, அதை எல்லோரும் பார்த்து வியக்கக் கண்ணாடி போன்ற மூடி. பதினேழாவது மேம்பாட்டில் பெட்டிக்கு இணையம் வந்தது. நான்கு நிமிடம் யோசித்து, சரியான நேரத்தைத் திரையில் காட்டியது. சுவரில் கடிகாரம் இருப்பதை மனைவி சுட்டிக்காட்டவில்லை. அண்ணாந்து அதைப் பார்த்துவிட்டுச் சமையலறைக்குப் போனார், அவ்வளவுதான்.

அப்போதுதான் அக்காவிடமிருந்து போன் வந்தது.

அக்காவின் கணவர் துணிக்கடையில் கட்டிங் மாஸ்டர். எட்டு அடுக்குத் துணியை ஒரே ஓட்டத்தில் வெட்டும் கை. நான்கு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்ததில் அந்த வலது கைதான் படுத்துவிட்டது. விரல்களைத் தனித்தனியாக அசைத்துப் பழக வேண்டும், இந்தச் சில மாதங்களை விட்டால் பிறகு கஷ்டம் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லி, பிசைய ஒரு ரப்பர் பந்தும் கொடுத்திருந்தார். மாஸ்டர் அதைத் தொடவில்லை. நான் என்ன ஜூஸ் கடையா வச்சிருக்கேன் என்று கேட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாராம்.

"அந்தப் பழைய கம்ப்யூட்டர் இன்னும் இருக்காடா?" என்றார் அக்கா. "கல்யாணமான புதுசுல ஞாயித்துக்கிழமையானா அந்தப் பந்து ஆட்டத்துல உன்னை ஓட ஓட விரட்டுவாரே. அதுக்கு ரெண்டு விரல்தானே வேணும்? நேத்து அதைச் சொன்னதும், நாலு மாசத்துல முதல் தடவையா சிரிச்சாருடா."

"இருக்காவாக்கா? எப்படி இருக்குன்னு வந்து பாரு" என்றார் லிஃப்ட்காரர். தன் பதினேழு மேம்பாடுகளும் எதற்காக நடந்தன என்பது அந்த நொடியில் அவருக்குத் தெளிவாகிவிட்டது. அவை மருத்துவத்துக்காக நடந்திருக்கின்றன.

அடுத்த ஞாயிறு மாஸ்டர் வந்தார். சலவைச் சட்டை போட்டு, வலது கையை இடது கையால் தூக்கி மேசைமேல் வைத்துக்கொண்டார். நீல விளக்கு எரிந்தது. சுவரிலிருந்து சுவருக்குத் துள்ளும் பந்தை, மேலும் கீழும் நகரும் மட்டையால் எதிராளியின் பக்கம் திருப்பி அடிக்க வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். ஆனால் பந்து இரட்டை வேகத்தில் வந்தது. மாஸ்டரின் ஆள்காட்டி விரல் அந்தக் கனத்த விசையை அழுத்தி முடிப்பதற்குள் மூன்று பந்துகள் போய்விட்டன. ஒரு நிமிடத்தில் பதினைந்துக்குப் பூஜ்யம். ஐந்தாவது ஆட்டத்தில் எப்படியோ ஒரு பந்தை அடித்தார். அது வலது மேல் மூலையில் பட்டு வேறு எங்கேயோ போனது. மாஸ்டர் திரையையே பார்த்தார்.

"அந்த மூலைல பட்டா நேரா நடுவுல இறங்குமே, மாப்ளே."

"இல்லையே மாமா. அது எப்படி வேணா வருமே."

"நடுவுலதான் இறங்கும். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு." வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "சரி. கைதான் போச்சுன்னு நெனச்சேன். தலையும் போயிட்டிருக்கு போல" என்றார்.

அக்கா கைப்பையில் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டார். லிஃப்ட்காரர் என்ன செய்தார்? ஒரு சாதாரண மனிதன் இந்த இடத்தில் கொஞ்சம் யோசித்திருப்பான். அவர் பதினெட்டாவது மேம்பாட்டைத் திட்டமிட்டார்.

விசைதான் கனம் என்பது அவருடைய ஆய்வு முடிவு. ஒரு கட்டடத்தில் கழித்துப் போட்டிருந்த லிஃப்ட் பலகையிலிருந்து இரண்டு பொத்தான்களைக் கொண்டு வந்தார். ஒன்றில் மேலம்பு, மற்றதில் கீழம்பு. உள்ளங்கை அகலம், தொட்டால் சிவப்பாக எரியும். அவற்றை ஒரு பலகையில் பதித்துக் கம்ப்யூட்டரோடு இணைத்து, அடுத்த ஞாயிறு மாஸ்டர் முன் வைத்தபோது, தான் பிறந்ததே இதற்காகத்தான் என்று அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

மாஸ்டர் பொத்தான்களைப் பார்த்தார்.

"நான் எந்த மாடிக்குப் போகணும், மாப்ளே?"

கேட்டுவிட்டு, இடது கையை முஷ்டியாக்கி ஒரு குத்து விட்டார். பந்து திரும்பியது. இன்னொரு குத்து. வலது கை மடியில் கிடந்தது.

"விரலை அசைக்க வைக்கச் சொன்னா, நீ குத்துச்சண்டை பழக்குற" என்றார் அக்கா, தம்பிக்கு மட்டும் கேட்கும்படி.

மூன்றாவது ஞாயிறு மாஸ்டர் வரவில்லை. அக்கா போனில் சொன்னார்: "இனிமே வர மாட்டாராம். அந்தப் பொட்டிக்குக்கூட என் கை தேவைப்படலன்னு சொல்லிட்டுப் படுத்துட்டார். பிசியோதெரபிக்கும் வேண்டாங்கறார். நீ ஒண்ணும் நெனச்சுக்காத. உன்னால முடிஞ்சதைச் செஞ்ச."

முடிந்ததை எல்லாம் செய்ததுதான் பிரச்சினை என்பது லிஃப்ட்காரருக்கு உறைக்கச் சிறிது நேரம் ஆனது. மேசையில், இரண்டு பூச்சாடிகளுக்கு நடுவே உட்கார்ந்து, அந்தப் பந்து ஆட்டத்தின் நிரலைத் திரையில் வரவழைத்தார். பதினாறு வயதில் ஒரு பத்திரிகையைப் பார்த்து அவரே இரண்டு விரலால் நான்கு நாள் தட்டியது. நூற்று எழுபதாவது வரியில் அவர் கண் நின்றது. வலது மேல் மூலையில் பட்ட பந்து எந்தத் திசையில் திரும்ப வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் வரி. பத்திரிகையில் 8 என்றிருந்ததை அந்தக் காலத்தில் 3 என்று தட்டிவிட்டார். அதனால்தான் பந்து ஒவ்வொரு முறையும் நேராக நடுவில் இறங்கியது. மாமா அதைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டுதான் வருடக்கணக்கில் அவரைத் தோற்கடித்திருக்கிறார். அதைத்தான் பதினொன்றாவது மேம்பாட்டில், ஒரு பழைய பிழையைக் களைந்த பெருமையோடு, இவர் 8 என்று திருத்தியிருக்கிறார்.

சமையலறை வாசலுக்குப் போனார்.

"மாமாவுக்கு ஞாபகம் தப்பலை" என்றார். "அவர் சொன்னது சரி. நான்தான் திருத்தித் தொலைச்சிருக்கேன்."

"இதை என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்?" என்றார் மனைவி.

3 என்று மாற்றுவது அரை நிமிட வேலை. ஆனால் தாளம் இரட்டை வேகம். கனத்த விசை. அதைக் கொஞ்சம், இதைக் கொஞ்சம் என்று தேற்றினால் பத்தொன்பதாவது மேம்பாடாகத்தான் போய் முடியும். தன் கையைப் பற்றி அவருக்கு அந்த அளவுக்காவது அறிமுகம் இருந்தது. மாஸ்டருக்குத் தெரிந்த பெட்டி ஒன்றே ஒன்றுதான். அதன் உறுப்புகள் பிரிண்டர் மெக்கானிக்கின் கடையில் இருந்தன.

போகும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்தார். ஒரு நண்பருக்குத் தேவைப்படுகிறது என்று சொல்லலாம். பள்ளிக்கூடத்துக் கண்காட்சி என்றும் சொல்லலாம். கடைக்குள் நுழைந்ததும் எல்லாம் மறந்துபோய், "அந்தப் பை..." என்று மட்டும் வாயில் வந்தது.

மெக்கானிக் ஒரு வார்த்தையும் கேட்காமல் மேல்தட்டிலிருந்து பையை எடுத்துக் கொடுத்தார். அதன் மேல் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. சபையில் வீர உரை நிகழ்ந்த அன்றைய தேதி. அதற்குக் கீழே, தெளிவான கையெழுத்தில், 'திரும்ப வருவார்.'

"நீங்க மட்டும் இல்ல, எல்லாருக்கும் ஒரு பை இருக்கு" என்றார் மெக்கானிக். தட்டில் இன்னும் நான்கு இருந்தன.

பதினெட்டையும் அவிழ்க்க ஆறு மாலைகள் ஆயின. சேர்க்கும்போது இருந்த உற்சாகத்தில் பாதிகூடக் கழற்றும்போது வரவில்லை. பழைய கிரிஸ்டலை அதன் இடத்தில் பற்றவைத்தார். அறுத்த கேசட் பகுதியை ஒவ்வொரு கம்பியாக ஒட்டினார். இணையத்தையும் நீல விளக்கையும் பிடுங்கினார். மேசையில் மூன்றாவது வட்டம் விழுந்தது. ரப்பர் விசைகளைச் சோப்பு நீரில் கழுவிக் காயவைத்தார். அந்த விளையாட்டின் கேசட் மட்டும் அவரிடமே பத்திரமாக இருந்தது. அதை எப்படி மேம்படுத்துவது என்று தெரியாததால் தப்பித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு தடவை மட்டும் வாருங்கள் மாமா, கை வேண்டாம், காது போதும் என்று நேரில் போய்க் கெஞ்சி அழைத்து வந்தார். கேசட் இரண்டு முறை தகராறு செய்தது. டேப் ரெக்கார்டரில் நாடாவைப் படிக்கும் தலைப்பகுதியில் இருந்த குட்டித் திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பியதும், மூன்றாவது முறை கீச்சொலி சீராக வந்தது. மாஸ்டர் தலையைச் சாய்த்து ஆறு நிமிடமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

பந்து மெல்ல வந்தது. முதல் ஆட்டத்தில் தோற்றார். இரண்டாவதிலும் தோற்றார். மூன்றாவதில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி, முரண்டு பிடித்துக்கொண்டு, ரப்பர் விசைகளில் இறங்கின. பந்து வலது மேல் மூலையில் பட்டு, நேராக நடுவில் இறங்கியது.

மாஸ்டர் திரும்பி அக்காவைப் பார்த்தார். "நான் சொல்லல?"

"தப்பு என்னுதுதான் மாமா" என்றார் லிஃப்ட்காரர். "அன்னைக்கும் நான்தான் தப்பாத் தட்டினேன். இப்ப அதை நான்தான் திருத்தி வச்சிருந்தேன்."

"திருத்தாத" என்றார் மாஸ்டர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நாற்பது நிமிடம் ஆடினார். வலது கையால் ஆடுகிறோம் என்பதை அவர் கவனித்த மாதிரி தெரியவில்லை. அக்கா கவனித்தார், மூச்சு விடவில்லை. கிளம்பும்போது புதன்கிழமை பிசியோதெரபிஸ்டைப் பார்த்துவிட்டு நேரே இங்கே வருவதாக மாஸ்டர் சொன்னார்.

அவர்கள் போன பிறகு லிஃப்ட்காரர் பெட்டியின் முன் உட்கார்ந்தார். பந்து இன்னும் கொஞ்சம் வழவழப்பாக நகர்ந்தால் நன்றாக இருக்கும், அதற்கு ஒரே ஒரு சில்லு போதும் என்று தோன்றத்தான் செய்தது. பழக்கதோஷம். பழைய கறுப்பு மூடியை எடுத்து மேலே வைத்தார். நாளைக்கு மறுபடி திறக்கத்தானே போகிறோம் என்று இத்தனை வருடமாக அவர் எந்த மூடியையும் திருகியதே இல்லை. இப்போது பையின் அடியில் கிடந்த நான்கு திருகுகளையும் பொறுக்கி, ஒவ்வொன்றாக, லிஃப்ட் வேலையில் கையேட்டுக்குக் கட்டுப்படுவது போலவே, கால் சுற்றுகூடக் கூடாமல் முடுக்கினார். பிறகு திருப்புளியை எழுந்து போய் அலமாரியில் வைத்தார்.