மூளி வானம்

கடலூரில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுச் சேலையில் சமிக்கி ஒட்டாமல் திரும்பியவர்கள் கிடையாது. அம்மா கல்யாணங்களுக்கு ஆரத்தித் தட்டு அலங்கரித்துக் கொடுப்பவள். சாயம் போட்ட அரிசி, பருப்பு, முத்து என்று எதையாவது ஒட்டியபடியேதான் இருப்பாள். ஆறு வயதிலேயே என்னையும் உட்கார வைத்துவிட்டாள். தட்டில் விரல்நுனி அளவுகூடக் காலி இடம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் அவள் சட்டம்.

"மூளியா இருந்தா பொண்ணு வூட்டுக்காரங்க மூஞ்ச சுளிப்பாங்கடி. நெறைச்சு ஒட்டு."

கலைக் குடும்பத்தில் வளர்ந்தவள், கொடுத்து வைத்தவள் என்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும். செல்போனில் வீடியோ பார்த்து வரையப் பழகியபோது கண், மூக்கு, நிழல் எல்லாம் வந்தது. சும்மா விடுவது மட்டும் வரவில்லை. எங்கே வெள்ளை தெரிந்தாலும் கை போய் ஒரு பூவை வைத்துவிடும். அந்தக் கையை அடக்க நான்கு வருடம் பிடித்தது.

போன வருடம் சிதம்பரத்தில் ஓர் ஓவியக் கண்காட்சிக்குப் படம் கேட்டிருந்தார்கள். ஒருவருக்கு ஒரு படம்தான். தேவனாம்பட்டினம் கடலை வரைந்தேன். கீழே ஒரு விரற்கடை தண்ணீர், மேலே முழுக்க உச்சி வெயிலில் வெளுத்த வானம். ஒரு காக்கைகூட இல்லை. முதன்முறையாக, இது என்னுடையது என்று தோன்றியது.

படத் தேர்வுக்கு முதல் நாள் வேலை விட்டு வந்து பார்க்கிறேன், வானம் முழுக்கத் தங்கச் சமிக்கி.

"முடிக்க நேரமில்ல போலருக்கு, பாவம்னு நான்தான் ஒட்டி வுட்டேன்" என்றாள் அம்மா.

வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக் கத்தினேன். கத்திக்கொண்டே நகத்தால் ஒவ்வொன்றாகப் பிய்த்தேன். பசை காய்ந்திருந்ததால் பெயிண்டும் சேர்ந்தே உரிந்தது.

வேறு வழியில்லாமல் மறுநாள் அதையே எடுத்துக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினேன். வராதே என்று சொல்லியும் அம்மா கூடவே வந்தாள். தேர்வாளர் மற்ற படங்களை விறுவிறுவென்று தாண்டி வந்தவர், என் படத்தின் முன் நின்றுவிட்டார். உரிந்த வானத்தை விரலால் தடவினார்.

"வெயில்ல பொரிஞ்ச மாதிரியே இருக்கே! இத யாருகிட்டம்மா கத்துக்கிட்டீங்க?"

அம்மா எனக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

"யாருகிட்டயும் இல்ல சார். நானா கத்துக்கிட்டது."

நாக்குக் கொஞ்சமும் கூசவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கு வெறுப்பாக இருக்கிறது.

அவர் அம்மாவிடம் திரும்பி, "நீங்களும் வரைவீங்களா?" என்று கேட்டார்.

"எனக்கு என்னாங்க தெரியும்? அதுவாத்தான் எல்லாம் கத்துக்கிச்சு" என்றாள் அம்மா, என் முகத்தைப் பார்க்காமல்.